விடை என்பது யாது?

சபரகமுவ மாகாணத்தில், தேயிலைத் தோட்டங்களும் றப்பர்த் தோட்டங்களும் சூழ்ந்த ஓர் ஊரின் தமிழ்ப் பாடசாலையில் நாம் ஆசிரியத் தொழில் பார்த்து வருகிறோம். அண்மையில் ஒரு நாள் பத்தாம் வகுப்பில் நன்னூலின் வினா விடைப் பகுதியை எடுத்து விளக்கிக்கொண்டிருந்தோம். பாடத்திட்டம் அதனை வற்புறுத்தவில்லை. எனினும், மொழியைக் கற்கும் பிள்ளை விடை எழுதுவதற்கு மட்டுமன்றி வினா எழுப்புவதற்கும் பழக வேண்டும் என்பது நம் கொள்கை. பவணந்தி முனிவர் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தார் என்று கூறி, உதாரணத்துக்கு ஒரு வினாவைச் சொல்லுமாறு வகுப்பைக் கேட்டோம்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "எங்க தோட்டத்துக்கு பஸ் எப்ப சேர் வரும்?" என்றாள்.

வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் சிரிக்கவில்லை.

இது எந்த வகை வினா என்று வகுப்பை வினவினோம். அறியாமையினால் கேட்பது, ஆகையால் அறியா வினா என்றான் ஒருவன். வருமோ வராதோ என்னும் ஐயம் அதனுள் இருக்கிறது, ஆகையால் ஐய வினா என்றாள் இன்னொருத்தி. கடைக்குப் போய்ப் பருப்பு இருக்கிறதா என்று கேட்பவன் வாங்கும் பொருட்டுக் கேட்கிறான். அது கொளல் வினா. இவளும் ஒன்றைப் பெறும் பொருட்டே கேட்கிறாள் என்றான் மூன்றாமவன். மூன்றாமவன் கூற்றே பொருந்தும் என்று நமக்குப் பட்டது. "இதற்கு விடை கூற வேண்டியவர் யார்?" என்றோம். "போக்குவரத்து மந்திரி" என்று பல குரல்கள் எழுந்தன. அவ்வாறாயின் மந்திரி கூறக்கூடிய விடையை எட்டு வகையிலும் எழுதி வாருங்கள் என்று வீட்டு வேலை கொடுத்தோம்.

மறுநாள் வந்த கொப்பிகளே இக்கட்டுரைக்குக் காரணமாயின.

மந்திரிமார் வினாக்களுக்கு விடையளிப்பது ஜனநாயகத்தின் அன்றாடக் காட்சிகளுள் ஒன்று. நம் பாராளுமன்றத்தின் அலுவல்களில் 'வாய்மூல விடைக்கான வினாக்கள்' என்றே ஒரு பகுதி உண்டு. உறுப்பினர் வினவுகிறார், மந்திரி எழுந்து விடை பகர்கிறார், மேலதிக வினா பிறக்கிறது, எல்லாம் ஹன்சாட்டில் ஏறுகின்றன. தொலைக்காட்சி வந்த பிறகு லயத்துக் காம்பிராவில் இருக்கும் பிள்ளையும் இக்காட்சியைக் காண்கிறது. நம் மாணவர் எழுதியவை எந்த ஒரு மந்திரியின் வாசகமும் அல்ல. பல ஆண்டுகளாகப் பல கட்சியினரிடமும் கேட்டுக் கேட்டுப் பிள்ளைகளின் செவியில் தங்கிவிட்ட தொனியே அவை.

சுட்டு விடை: "அது மாகாண சபைக்குரிய விடயம்." ஏவல் விடை: "தோட்டக் கம்பனியிடம் கேளுங்கள்." வினா எதிர் வினாதல்: "நீங்கள் ஆட்சியில் இருந்தபோது ஏன் விடவில்லை?" உற்றது உரைத்தல்: "நாடு வங்குரோத்து அடைந்துவிட்டது." உறுவது கூறல்: "குழுவொன்று நியமிக்கப்படும்." இனமொழி விடை: "அதிவேகப் பாதை அமைக்கப் போகிறோம்." நேர் விடை: "ஆம், விரைவில் வரும்." இவ்வளவையும் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் இலகுவாக எழுதிவிட்டார்கள். மறை விடையில்தான் பலர் இடறினார்கள். சிலர் இடத்தை வெறுமையாக விட்டிருந்தனர். ஒரு பையன், "மந்திரி இல்லை என்று சொல்ல மாட்டார்" என்று எழுதியிருந்தான்.

இலக்கணப் பிழை என்று சிவப்பு மையால் கோடிடக் கையெடுத்த நாம், கோடிடாமல் நிறுத்தினோம். அப்பையன் எழுதியது இலக்கணமன்று, ஆயினும் உண்மை. 'முடியாது' என்ற ஒரு சொல்லைத் தவிர மற்றெல்லாவற்றையும் சொல்லத் தெரிந்த ஓர் அமைப்பிடமிருந்து ஏழை மனிதன் எதைப் பெறுகிறான்? விடையளித்தல் என்ற செயலின் அறம் எங்கே இருக்கிறது? கூறுவது உண்மையாக இருந்துவிட்டால் அது போதுமா? இவ்வினாக்களை நம் கண்முன் உள்ள ஒரு பாதையை வைத்தே ஆராய்வோம்.

அம்மாணவியின் தோட்டம் எட்டியாந்தோட்டைக்கு அப்பால் மலைச்சரிவில் இருக்கிறது. பிரதான வீதியில் பஸ் ஓடுகிறது. அவ்வீதியிலிருந்து பிரிந்து மேலேறும் பாதை, கொழுந்து லொறி போவதற்கென்று எப்போதோ போடப்பட்டது. தார் கரைந்து கல் மேலெழுந்து கிடக்கிறது. மழைக்காலத்தில் நடுவே நீரோடுகிறது. அவசர நோயாளியும் பிள்ளைத்தாய்ச்சியும் கொழுந்து லொறியிலோ முச்சக்கர வண்டியிலோதான் இறங்க வேண்டும். தெரணியகலை, புளத்கொஹுபிட்டிய, இறக்குவானை, காவத்தை, பலாங்கொடைப் பகுதிகளில் தொழில் பார்க்கும் ஆசிரிய நண்பர்கள் தத்தம் பாதைகளைப் பற்றி இதையேதான் கூறுகிறார்கள்.

இப்பாதை யாருக்கு உரியது? தோட்டத்துக்கு உரியது என்பது வழக்கமான விடை. தோட்டம் யாருக்கு உரியது? 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டில் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் பெருந்தோட்டக் காணிகளை அரசுடைமை ஆக்கின. 1992இல் அவற்றின் முகாமை பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் நீண்டகாலக் குத்தகையாயிற்று. நிலத்தின் சொந்தக்காரர் இன்றும் அரசே. எனவே மந்திரியைக் கேட்டால், அது தோட்டப் பாதை என்கிறார். கம்பனியைக் கேட்டால், நிலம் அரசினுடையது, நாம் குத்தகைக்காரர் என்கிறது. பிரதேச சபையைக் கேட்டால், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் செலவிட இடமளிக்கவில்லை என்று நெடுங்காலம் சொல்லி வந்தது. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. சட்டத்தடை நீங்கியதும் வந்த விடை, நிதி இல்லை என்பது.

பஸ் சேவையின் கதையும் இவ்வாறே. 1987இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின் பின், மாகாணத்துக்குள் ஓடும் பயணிகள் சேவை மாகாணத்தின் பொறுப்பாயிற்று. மாகாணங்களுக்கிடையே ஓடும் சேவை 1991ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அமைந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் பொறுப்பாயிற்று. ஆகவே கொழும்பிலுள்ள மந்திரி மாகாணத்தைச் சுட்டுவதில் பொய்யில்லை. ஆனால் சபரகமுவ மாகாண சபையின் ஆயுள் 2017இல் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடைபெறாமலே ஆண்டுகள் பல கழிந்தன. ஆளுநரும் உத்தியோகத்தரும் நிர்வாகத்தைக் கொண்டு நடத்தினர். விரல் சுட்டிய இடத்தில் மக்கள் தெரிவுசெய்த ஒருவரும் இருக்கவில்லை.

இங்கே ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். மேலே கண்ட விடைகளுள் ஒன்றேனும் பொய்யன்று. மந்திரி சொன்னது உண்மை; கம்பனி சொன்னது உண்மை; பிரதேச சபை சொன்னது உண்மை. அத்தனை உண்மைகளையும் ஒன்றாகக் கூட்டினால் வருவது, ஒருவருக்கும் பொறுப்பில்லாத ஒரு பாதையில் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்னும் பெரும் பொய். தனித்தனி உண்மைகள் சேர்ந்து ஒரு பொய்யாவது எப்படி? ஒவ்வொரு விடையும் தன்னை விட்டு வினாவை அகற்றுவதையே நோக்கமாகக் கொண்டிருப்பதால்தான். வள்ளுவர் வாய்மைக்கு இலக்கணம் வகுத்தபோது, உள்ளதை உள்ளவாறு உரைத்தல் என்று நிறுத்திவிடவில்லை. பிறர்க்குத் தீமை விளைக்காத சொல் என்று விளைவை வைத்தே வகுத்தார். தப்பிப்பதற்காகச் சொல்லப்படும் உண்மை அவ்விலக்கணத்துள் அடங்காது.

"பொருளாதாரத்தை மறந்து பேசுகிறீர்கள். பத்துப் பேருக்காக மலையேறும் பஸ் நட்டத்தில் ஓடும். நட்டத்தை யார் தாங்குவது?" என்று ஒரு நண்பர் கேட்கக்கூடும். நேர்மையான கேள்வி, தட்டிக்கழிக்கத் தக்கதன்று. இதனை ஆராய, இந்நாட்டின் பாதைகள் எவ்வாறு பிறந்தன என்று சற்றே பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

1848இல் ஆங்கில ஆட்சி கொண்டுவந்த வீதிச் சட்டம், வயது வந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணம் செலுத்த வேண்டும் என்றது. அவ்வாண்டில் மாத்தளையிலும் குருநாகலிலும் மூண்ட கிளர்ச்சிக்கு இச்சட்டமும் புதிய வரிகளும் காரணமாயின. வீதிகளின் தேவை பெரிதும் கோப்பித் தோட்டங்களுக்கே இருந்தது, உழைப்பு கிராமத்தானுடையது. 1867இல் கண்டியை அடைந்த புகையிரதமும் கோப்பி மூட்டைகளைக் கொழும்புத் துறைமுகத்தில் சேர்க்கவே பிறந்தது. நம் பகுதியின் களனிவெளிக் குறும்பாதை, தேயிலையையும் றப்பரையும் நோக்கியே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மலைகளுக்குள் நுழைந்தது. 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஓபநாயக்கவையும் எட்டியது. பெட்டிகளில் ஏறிய சரக்கைப் பறித்தவரும், றப்பர் மரத்தில் பால் வெட்டியவரும் நம் மாணவரின் பாட்டன் பாட்டிமார். தமிழகத்திலிருந்து வந்த அவர்களின் முன்னோர், கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்து வந்தவர்கள். வழியில் கொள்ளை நோயாலும் பசியாலும் மடிந்தோர் பலர். மூட்டைக்குப் புகையிரதம் அமைத்த காலத்தில் மனிதனுக்கு ஒற்றையடிப் பாதையே வாய்த்தது.

பின்னர் லொறிகள் பெருகின. சரக்குக்கு வேறு வழி கிடைத்தது. களனிவெளிப் பாதையில் அவிசாவளைக்கு அப்பாலுள்ள பகுதி 1970களில் மூடப்பட்டது. இரத்தினபுரி புகையிரதத்தை இழந்தது. சரக்குக்காக வந்த பாதை சரக்கோடு போயிற்று. 'இலாபம்', 'நட்டம்' என்னும் சொற்கள் யாருடைய கணக்குப் புத்தகத்தில் எழுதப்படுகின்றன என்பதை இவ்வரலாறு நமக்குக் காட்டுகிறது. நூறாண்டுக்கு மேலாக இம்மக்கள் ஈட்டித் தந்த அந்நியச் செலாவணியில் நாடு நடந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, ஒரு பஸ்ஸின் எரிபொருட் செலவை மட்டும் வைத்துக்கொண்டு 'நட்டம்' என்று கூட்டுவது கணக்கும் அன்று, நியாயமும் அன்று.

நம்மைப் போன்ற முற்போக்காளர் இவ்விடத்தில் நம் வரலாற்றையும் நேர்மையுடன் நோக்க வேண்டும். 1958 ஜனவரி முதலாம் திகதி, பண்டாரநாயக்க அரசாங்கம் தனியார் பஸ் கம்பனிகளை நாட்டுடைமையாக்கி இலங்கைப் போக்குவரத்துச் சபையை நிறுவியது. மைத்திரிபால சேனாநாயக்க அப்போது போக்குவரத்து மந்திரி. இடதுசாரிகள் நெடுங்காலம் எழுப்பி வந்த கோரிக்கை அது. வரவேற்கத்தக்க பெரும் சாதனை. 'மக்களின் பஸ்' என்று நாடு மகிழ்ந்தது. ஆயின் அம்மக்கள் யார்? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கியிருந்தன. 1947இல் தோட்டத் தொழிலாளர் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1957இல் பஸ்களைப் பற்றிய சட்டம் விவாதிக்கப்பட்டபோது, தோட்ட வாக்கால் தெரிவான ஒருவரேனும் அச்சபையில் இல்லை. ஆகவே 'எங்கள் தோட்டத்துக்கு பஸ் எப்போது வரும்?' என்று அங்கே கேட்க ஆளில்லை. கேட்பவர் இல்லாத இடத்தில் விடை கூறும் கடமையும் எழுவதில்லை.

இருந்தும் அந்த பஸ் ஒரு நன்மையைச் செய்தது. ஏறியவரிடம் நடத்துநர் பணம் கேட்டார். பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்கவில்லை. ஒரே கட்டணம், ஒரே சீட்டு. சட்டப் புத்தகத்தில் இருந்த தேசத்தைவிடப் போக்குவரத்துச் சபை பஸ்ஸில் இருந்த தேசம் விசாலமாயிருந்தது. பாடசாலைப் பிள்ளைகளின் சலுகைச் சீசன் டிக்கெட் அவ்விசாலத்தின் ஒரு சின்னம். 1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. வருமானம் மிகுந்த பாதைகளைத் தேடி அவை ஓடின. வருமானமற்ற மலைப்பாதைகள் பொதுச் சபையிடமே எஞ்சின. பிறகு அதே சபையைப் பார்த்து நீ நட்டத்தில் ஓடுகிறாய் என்று ஏசுவதும் தொடங்கிற்று.

பஸ் என்பது சில்லுகளின்மேல் வைத்த தகரப் பெட்டி மட்டுமன்று. மனிதர் ஒருவரை ஒருவர் சமமாகக் கருதுகிறார்களா என்று சோதிக்கும் இடமும் அதுவே. 1955 டிசெம்பரில் அமெரிக்காவின் மொன்ட்கோமரி நகரில் ரோசா பார்க்ஸ் என்ற தையற்தொழிலாளிப் பெண் பஸ்ஸில் தன் இருக்கையை விட்டெழ மறுத்தார். அந்நகரத்துக் கறுப்பின மக்கள் 381 நாள் பஸ்ஸில் ஏறாமல் நடந்தே தம் மானத்தை நிலைநாட்டினர். அவர்களின் வினா, பஸ்ஸில் எங்கே அமர்வது என்பது. நம் மாணவியின் வினா அதற்கும் முந்தியது: பஸ் வருமா என்பது. அவர்கள் நடந்தது போராட்டம். இவள் நடப்பது வழக்கமாகிவிட்டது. வழக்கமாகிவிட்ட அநீதி எவர் கண்ணையும் உறுத்துவதில்லை.

நட்டத்தைத் தாங்க வழியே இல்லையா? இருக்கிறது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 2005இல் பாடசாலைப் பிள்ளைகளுக்கென 'சிசு செரிய' சேவை தொடங்கியது. வருமானம் குறைந்த கிராமப் பாதைகளுக்கு உதவித்தொகை கொடுத்து பஸ் ஓட்டும் 'கெமி செரிய' திட்டமும் உண்டு. கொள்கையளவில், நட்டம் வரினும் ஓடவேண்டிய பஸ் உண்டு என்று அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. கடல் கடந்து நோக்குவோம். தமிழகத்தில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை முதலிய மலைப்பகுதிகளுக்கும் அதனை விரிப்பதாக 2024ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் இங்கிருந்து அனுப்பப்பட்டோரில் ஒரு பகுதியினர் அந்நீலகிரியில் குடியேறினார்கள். அவர்களுக்காகவே 1968இல் தமிழக அரசு தேயிலைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அந்த அரசும் குறையற்றதன்று. ஆனால் மலையில் வாழும் தொழிலாளப் பெண்ணின் பயணத்தைப் பொதுப்பணம் தாங்கலாம் என்பது கனவன்று என இச்செய்தி மெய்ப்பிக்கிறது.

சேவை போதாமையின் விலை பணத்தால் மட்டும் செலுத்தப்படுவதில்லை. 2025 மே 11ஆம் திகதி, கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற போக்குவரத்துச் சபை பஸ் கொத்மலையில் கெரண்டி எல்ல அருகே பள்ளத்தில் வீழ்ந்தது. 20க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதில் 70க்கு மேற்பட்டோர் பயணம் செய்தனர். விபத்துக்குப் பல காரணங்கள் கூடுவதுண்டு. அவற்றை ஆராய்வது நிபுணர் வேலை. ஆயினும் ஒன்றை நாம் அறிவோம்: அடுத்த பஸ் எப்போது வரும் என்று தெரியாத நாட்டில்தான் வந்த பஸ்ஸில் எல்லாரும் ஏறிவிடுகிறார்கள்.

இனி, நாம் தொடங்கிய தத்துவ வினாவுக்குத் திரும்புவோம். நன்னூலார் விடைக்கு வழங்கும் சொற்களுள் 'இறை' என்பதும் ஒன்று. அச்சொல்லுக்கு அரசன் என்றும் பொருளுண்டு. குடிகள் செலுத்தும் வரி என்றும் பொருளுண்டு. இறை கொடுப்பவர் இறையிடம் இறை கேட்கிறார். மொழியின் தற்செயல் என்று இதனைக் கருதினாலும், ஆட்சியின் அறம் முழுவதும் இம்மூன்று பொருள்களின் உறவில் அடங்கியிருக்கிறது. வரி வாங்கியவன் விடை கூறக் கடன்பட்டவன். நம் மாணவியின் தாய் வருமான வரி செலுத்துவதில்லை என்று யாரேனும் சொல்லலாம். அவள் வாங்கும் மாவிலும் மண்ணெண்ணெயிலும் சவர்க்காரத்திலும் வரி கலந்திருக்கிறது. அவள் பறிக்கும் கொழுந்திலோ நாட்டின் வருவாயே கலந்திருக்கிறது. எனவே அவளுக்கு அளிக்கப்படும் விடை மந்திரியின் தயவன்று. திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன்.

கடன் என்று கொண்டால், எது நல்ல விடை என்பது தானே துலங்கும். கடன்காரன் 'தருகிறேன்' என்றால் எவ்வளவு, எப்போது, யார் கையால் என்ற மூன்றையும் சொல்ல வேண்டும். தொகையும் தவணையும் ஆளும் இல்லாத வாக்குறுதியை எந்தக் கடைக்காரரும் ஏற்கமாட்டார். மந்திரியின் விடையையும் இதே தராசில்தான் நிறுக்க வேண்டும். எத்தனை பஸ், எந்த மாதத்தில், எந்த உத்தியோகத்தரின் பொறுப்பில் என்ற மூன்றும் இல்லாத 'ஆம்' என்பது நேர் விடையின் உடையணிந்த இனமொழியே.

இன்னும் ஒரு படி மேலே செல்வோம். 'முடியாது' என்று நேராகச் சொல்லும் மறை விடை, மழுப்பும் ஆறு விடைகளையும்விட மேலானது என்பது நம் துணிபு. 'முடியாது' என்றால் ஏன் முடியாது என்று கேட்கலாம். காரணத்தை மறுக்கலாம். அணிதிரளலாம். வாக்கினால் தண்டிக்கலாம். மறுக்கப்பட்டவன் தன் நிலையை அறிந்த மனிதனாக நிற்கிறான். 'ஆவன செய்யப்படும்' என்றாலோ அவன் காத்திருப்பவன் ஆகிறான். காத்திருப்பவன் போராட முடியாது. போராடினால் பொறுமையற்றவன் என்று பெயர் கேட்பான். மழுப்பும் விடை ஒரு மனிதனின் காலத்தைத் திருடுகிறது. தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகத்தைக் காத்திருக்க வைப்பது அதனை ஆள்வதற்கு மிக மலிவான வழி.

2022இல் நாடு கடன் தீர்க்க முடியாத நிலையை அடைந்தது உண்மை. அதற்குப் பின் எந்த மந்திரியின் கையிலும் பணம் குவிந்து கிடக்கவில்லை என்பதும் உண்மை. 2024 நவம்பரில் போக்குவரத்து அமைச்சைப் பொறுப்பேற்ற பிமல் ரத்நாயக்கவும் பழைய கடன்களின் மேல்தான் அமர வேண்டியிருந்தது. அதே மாதத் தேர்தலில் இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து சுந்தரலிங்கம் பிரதீப் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகிப் பெருந்தோட்டத் துறையின் பிரதி அமைச்சரும் ஆனார். 1957இல் கேட்க ஆளின்றி இருந்த சபையில் இன்று கேட்க ஆளுண்டு. விடை கூறும் பக்கத்திலும் ஆளுண்டு. மாற்றம்தான். ஆனால் மாற்றத்தை நாம் ஆட்களைக் கொண்டு அளப்பதில்லை. விடைகளின் தன்மையைக் கொண்டே அளப்போம். பணமில்லாத அரசாங்கமும் நாணயமாக விடை கூறலாம். 'இவ்வாண்டு இத்தனை பாதைதான் முடியும்; உங்கள் பாதை இத்தனையாவது; வரிசை இந்த அடிப்படையில் அமைந்தது' என்று சொல்லப் பணம் வேண்டியதில்லை. மனிதனை மனிதனாக மதித்தால் போதும்.

மந்திரிமாரை இவ்வளவு விசாரித்த நாம் நம்மையும் விசாரிக்காமல் விட்டால் அது கோழைத்தனம் ஆகும்.

அம்மாணவி வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிந்தி வருபவள். பிந்தி வருவோரை முதற் பாடம் முடியும்வரை வாயிலுக்கு வெளியே நிறுத்துவது எங்கள் பாடசாலையின் ஒழுங்கு. "ஏன் பிந்தினாய்?" என்று நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். "பஸ் போயிருச்சு சேர்" என்பாள். இலக்கணப்படி அது உற்றது உரைத்தல். நாம் அதைச் சாக்கு என்று கொண்டோம். கொப்பிகளைத் திருத்திய அவ்வாரத்தில்தான், பாடசாலை விட்டபின் ஒரு நாள் அவளும் அவள் தோழியரும் செல்லும் பாதையில் நாமும் நடந்தோம். பிரதான வீதியில் இறங்கிய பிறகு மலையேற்றம். ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. பாதி வழியில் மழை பிடித்தது. பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றிப் பொலித்தீன் பைக்குள் வைத்துக்கொண்டு வெறுங்காலுடன் ஏறினார்கள். நனைந்த சப்பாத்து மறுநாளைக்குள் காயாது. கொழுந்து மடுவத்தின் ஓரத்தில் ஒதுங்கி நின்றபோது, விடியற்காலையில் எத்தனை மணிக்குப் புறப்படுவாய் என்று கேட்டோம். ஐந்தே காலுக்கு என்றாள். அதற்குள் தாய்க்கு உதவி, தம்பியைக் குளிப்பாட்டி, தண்ணீர் பிடித்து வைக்க வேண்டுமாம். மழை பெய்தால் வழியில் பத்து நிமிடம் கூடும். பஸ் பத்து நிமிடத்துக்கு நிற்காது. உயர்தர வகுப்புக்குப் போவாயா என்று கேட்டோம். அதற்கு இன்னும் தூரத்துப் பாடசாலைக்குப் போக வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அது விடையா, விடை மறுப்பா என்று நமக்கு விளங்கவில்லை.

ஒரு வருட காலமாக வாயிலுக்கு வெளியே நாம் நிறுத்தி வைத்தது சோம்பலை அன்று. விடியுமுன் எழுந்து மலையிறங்கி வந்த ஒரு சிறுமியை. போக்குவரத்துக் கொள்கையின் குற்றத்துக்கு அவளைத் தண்டித்தோம். நம் வினாவுக்கு அவள் உண்மையான விடை அளித்திருந்தாள். விடையைக் கேட்கும் அறம் நம்மிடம் இருக்கவில்லை. விடை கூறுவோருக்கு ஒரு கடமை உண்டென்றால், வினவுவோருக்கும் உண்டு: கேட்டபின் செவிகொடுக்க வேண்டும், உண்மை என்று கண்டால் தன் நடத்தையை மாற்ற வேண்டும். அதிபரிடம் பேசினோம். மலைப்பாதையால் வரும் பிள்ளைகள் பிந்தினாலும் வகுப்புக்குள் அனுமதிக்கப்படுகிறார்கள். சிறிய காரியம். அதனால் பாதை சீராகிவிடவில்லை, பஸ் வந்துவிடவில்லை. நம் பங்கின் கடனில் ஒரு சதம் தீர்ந்தது, அவ்வளவே.

மீதிக் கடனைக் கேட்க வேண்டியவர்கள் நாம். ஆசிரியராகவும் மாணவராகவும் உள்ள இந்த ஏட்டின் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பகுதியின் பாதை பற்றியும் பஸ் பற்றியும் எழுத்தில் வினவுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழி தந்திருக்கிறது. வரும் விடையைத் திகதியிட்டுப் பத்திரப்படுத்துங்கள். அது எண்வகையில் எவ்வகை என்று குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு அதே வினாவை மீண்டும் கேட்டு, இரு விடைகளையும் அருகருகே வைத்துப் படியுங்கள். ஒருவர் கேட்டால் மனு. ஊரே கேட்டால் அது கணக்குக் கேட்பது.

வகுப்பில் அம்மாணவிக்கு நாம் இன்னும் விடை கூறவில்லை. அவள் கொப்பியில் மறை விடைக்கான இடம் வெறுமையாகவே இருக்கிறது. அவள் எழுப்பிய வினாவை வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரு கடிதமாக எழுதி அனுப்பியிருக்கிறோம். தொகை, திகதி, பொறுப்பாளர் என்ற மூன்றையும் அதில் கேட்டிருக்கிறோம். 'முடியாது' என்றே விடை வந்தாலும் அதனை வகுப்பில் வாசிப்போம். வாசித்துவிட்டு, ஏன் என்ற அடுத்த வினாவைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம்.